ராட்டினக்காரியோடு ஊர் ஊராய்

குதிரை ராட்டினத் தொழிலில் சுற்றுவது சுலபம், நிற்பதுதான் கஷ்டம்: நிற்க ஓர் ஊர் வேண்டும், அந்த ஊரில் மட்டமான ஒரு நிலம் வேண்டும், வீட்டில் மனைவியின் சம்மதம் வேண்டும். இவற்றில் எது கிடைப்பது அரிது என்பதை, நடுவயதில் வேலை மாறிய எந்தச் சகோதரருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

நான் மன்னார்க்காரன். பெயர் அன்ரன். சிசிலித் தீவின் பலெர்மோவுக்கு வந்ததிலிருந்து மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கோடை வந்தால் உணவகத்துக்குப் பின்னாலிருந்த வெறும் வளவில் ஒரு குதிரை ராட்டினம் வந்து இறங்கும். அதன் சொந்தக்காரர்கள் ரோமானி மக்கள், அதிலும் சிந்தி என்ற பிரிவைச் சேர்ந்தவர்கள். சிந்து தேசத்தோடு போட்டுக் குழப்பவேண்டாம். இவர்கள் இத்தாலியின் வடக்கிலிருந்து வந்து, வண்டிவீடுகளில் குடியிருந்து, திருவிழாக்களைத் தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள். ஊரில் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்புகளோடு மல்லுக்கட்டிய அனுபவத்தில், அவர்களுடைய ஜெனரேட்டர் மக்கர் பண்ணும்போதெல்லாம் நான் போய்க் கைவைப்பேன். ராட்டினக்காரருக்கும் எனக்கும் அப்படித்தான் சிநேகம். அவர் ஒரு மாரிகாலத்தில் இறந்துபோனார். அடுத்த வசந்தத்தில் அவருடைய மனைவி மிரெல்லா உணவகத்தின் பின்கதவுக்கு வந்து, "எங்களோடை வாறியோ?" என்று கேட்டாள். கையிலிருந்த சட்டியை வைத்துவிட்டு "ஓம்" என்றேன். யோசித்தது பிறகுதான்.

மிரெல்லாவும் மற்றவர்களும் பேசியதெல்லாம் இத்தாலியன். என் காதில் அது விழுந்தபடி, எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

வீட்டில் சொன்ன நாள்

என் மனைவி ஜெசிந்தா, பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் ஓர் இத்தாலியச் சின்யோராவின் வீட்டில் வேலை செய்கிறாள். நான் விஷயத்தைச் சொன்னபோது கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை; அதுதான் எனக்குப் பயம். "கோவில்லை கேட்டால் என்ன சொல்லுறது? என்ரை மனிசன் குதிரையிலை போயிட்டார் எண்டோ?" என்றாள். அவளுடைய சின்யோராவோ, ஜிப்சி என்ற சொல் காதில் விழுந்தாலே கரண்டிகளை எண்ணத் தொடங்குகிறவள். வண்டிவீட்டில் வாழ்கிறவர்கள் குளிப்பார்களா, சுத்தம் பார்ப்பார்களா, என்னை எங்கே படுக்கவைப்பார்கள் என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன.

கோப்பை கழுவிய காலத்தில் நான் ஒருநாளும் எதையும் கேட்டு அடம்பிடித்ததில்லை. அதனால்தானோ என்னவோ, வெங்காயம் முடிந்ததும் அவள் தீர்ப்பைச் சொன்னாள்: "ஒரு கோடை போய்ப் பாருங்கோ. செப்டெம்பர்த் திருநாளுக்கு நான் நேரை வந்து பாப்பன். எனக்குச் சரியெண்டு படாட்டி, அடுத்த நாளே மொண்டெல்லோவிலை நிண்டு கோப்பை கழுவுறீங்கள்."

கை கழுவிய தட்டு

முதல் வாரம். பகேரியாவைத் தாண்டி ஓர் எலுமிச்சைத் தோட்டத்தின் ஓரமாக வண்டிகள் நின்றன. மிரெல்லா பூப்போட்ட பீங்கான் தட்டில் எனக்குப் பாஸ்தா போட்டுத் தந்தாள். ருசியென்றால் அப்படி ஒரு ருசி. கடைசியில் பாணைப் பிய்த்துக் குழம்பை வழித்துச் சாப்பிட்டதில் விரலெல்லாம் தக்காளி. சாப்பிட்டு முடிந்ததும், பிறந்ததிலிருந்து செய்து வருகிற காரியத்தைச் செய்தேன்: போத்தலைச் சரித்து, அந்தத் தட்டுக்குள்ளேயே கையைக் கழுவினேன்.

மிரெல்லா எழுந்து வந்து, தட்டை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு மதில்வரை நடந்து, கல்லில் ஓங்கி அடித்து உடைத்தாள். சமையலில் ஏதோ குறை சொன்னதாக நினைத்துவிட்டாளோ என்று, "நல்ல ருசி, நல்ல ருசி" என்றேன். அவளுடைய மகன் ரென்சோ, முப்பது வயது ஆள், லொறி ஓட்டுகிறவன், மெதுவாக விளக்கினான். உடம்பு கழுவிய தண்ணீர் பட்ட பாத்திரத்தில் அவர்கள் இனி ஒருகாலமும் சாப்பிடமாட்டார்களாம். பாத்திரத்துக்கு ஒரு பேசின், முகத்துக்கு ஒரு பேசின், உடுப்புக்கு ஒரு பேசின். ஒன்றின் தண்ணீர் மற்றதன் பக்கம் போகக்கூடாது. சுத்தத்தைப் பற்றி ஜெசிந்தா கேட்ட கேள்விகள் எனக்கு ஞாபகம் வந்தன. இங்கே அழுக்கன் நான்தான். மிரெல்லா திரும்பி வந்து உட்கார்ந்து, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: "தட்டு தின்னுறதுக்கு, தம்பி. கை கழுவத்தான் ஆண்டவர் ஆறு படைச்சிருக்கிறார்."

அண்ணாந்து குடித்த தண்ணீர்

அதன்பிறகு எனக்குச் சாப்பாடு கடதாசித் தட்டில் வந்தது. படுக்கை டிக்கற் கூட்டுக்குள். காலை மடக்கினால் தலை இடிக்கும், தலையை மடக்கினால் கால் இடிக்கும். இப்படியே செப்டெம்பர் வந்தால் ஜெசிந்தா என்னைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள் என்பது நிச்சயமாகத் தெரிந்தது.

ஒருநாள் வெயிலில் ராட்டினத்தைப் பொருத்திப் பூட்டிக்கொண்டிருந்தோம். என் போத்தலில் தண்ணீர் முடிந்துவிட்டது. ரென்சோ தயங்கித் தயங்கித் தன் போத்தலை நீட்டினான். நான் அண்ணாந்து, வாயில் முட்டாமல், தொண்டைக்குள் ஊற்றிக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். நம்மில் யார் வேறுவிதமாகக் குடிப்போம்? ஏணியில் நின்ற மிரெல்லா விறுவிறென்று இறங்கி வந்து, "இன்னொருக்காக் குடி" என்றாள். குடித்தேன். "ஒரு சொட்டுக்கூடச் சட்டையிலை விழேல்லை" என்று ரென்சோ சாட்சி சொன்னான். மூன்றாம் தடவையும் குடிக்க வைத்தாள்; வயிறு பானையாகிவிட்டது. அன்று இரவு எனக்கு மறுபடி பீங்கான் தட்டில் சாப்பாடு வந்தது. மறுநாள் சின்ன வண்டிவீட்டின் கதவுத் திறப்பும் வந்தது. அவர்களைச் சேராத வெளியாட்களை அவர்கள் கஜோ என்பார்கள். திறப்பைத் தரும்போது மிரெல்லா ரென்சோவிடம் சொன்னாள்: "கஜோவுக்குள்ளையும் தண்ணி குடிக்கத் தெரிஞ்ச ஒருத்தன் இருந்திருக்கிறான், பாத்தியோ."

மட்டம் பார்க்கும் சபை

சிசிலியின் மலையூர்களில் மட்டமான சதுக்கம் கிடையாது. ஒரு பக்கம் கோவில், மறுபக்கம் பாதாளம், நடுவில் சரிவு. ராட்டினமோ நூல் பிசகினாலும் முனகும். ஆகவே சரிந்த பக்கத்துக்குக் கட்டையடித்து, மேடையில் ஒரு தட்டை வைத்து, தண்ணீர் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்து ஆப்பு இறுக்குவோம். மிரெல்லா குனிந்து பார்ப்பாள், கையை இலேசாக ஆட்டுவாள், நான் அடிப்பேன்.

இதற்கென்றே ஒவ்வோர் ஊரிலும் கோப்பிக்கடை வாசலில் ஒரு சபை இருக்கும். வயதானவர்கள் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் இடப்பக்கம் உயர்த்து என்பார், மற்றவர் வலப்பக்கம் இறக்கு என்பார், பிறகு தங்களுக்குள் சண்டை பிடிப்பார்கள். மதோனியே மலையில் ஓர் ஊரில் அவர்கள் சொன்ன ஒன்றைக்கூட நாங்கள் கேட்கவில்லை. மாலையில் ராட்டினம் சத்தமில்லாமல் சுற்றத் தொடங்கியதும், அவர்களில் மூத்தவர் எழுந்து வந்து மேடையை ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டு என் தோளில் கைபோட்டார்: "பாத்தியோ? நாங்கள் சொன்னபடி செய்தபடியால்தான் நிக்குது!"

காணாமற்போன கோழி

ஒரு கிராமத்தில் காலை தேநீர் குடிக்குமுன்னே வாசலில் மூன்று பெண்கள் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் கையைக் கட்டிக்கொண்டு, "என்ரை கோழியைக் காணேல்லை" என்றாள். கண் மட்டும் எங்கள் வண்டிவீடுகளை மேய்ந்தது. சொல்லாததுதான் எல்லாம். ரென்சோவின் முகம் இறுகிவிட்டது. எனக்கு உள்ளே பற்றி எரிந்தது. கடையில் என் பின்னால் காவலாளி நடந்து வருகிறபோது எரிகிற அதே எரிச்சல். இந்த நாட்டில் நம்மில் பலருக்கு அது பழக்கம்தான். மிரெல்லா மட்டும் அலட்டிக்கொள்ளாமல், "தேடுங்கோ" என்று எல்லா வண்டிவீட்டுக் கதவுகளையும் திறந்துவிட்டாள்.

தேடினார்கள். கட்டிலுக்குக் கீழே, லொறிக்குள், என் தலையணைக்குப் பின்னால்கூட. கடைசியில், காலைச் சோதனை ஓட்டத்துக்காக ரென்சோ சுற்றவிட்டிருந்த ராட்டினத்திலிருந்து ஒரு கொக்கரிப்புக் கேட்டது. குதிரைகளுக்கு நடுவில் சிறுபிள்ளைகள் உட்காரும் அன்னத்தேர் ஒன்று உண்டு. அதன் மெத்தையில் கோழி ராசாத்தி மாதிரி உட்கார்ந்து பவனி வந்துகொண்டிருந்தது. நிறுத்தித் தூக்கினால் கீழே சூடாக ஒரு முட்டை. கோழிக்காரிக்கு முகம் சிவந்துபோய்விட்டது. முட்டையை எடுத்து நீட்டினாள். மிரெல்லா வாங்கவில்லை. "முட்டை உங்கடைதான். ஆனால் பின்னேரம் உங்கடை பேரப்பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. கோழி காலமை முழுக்க டிக்கற் எடுக்காமல் சுத்தினது."

நரிவால்

சுற்றுகிற ராட்டினத்துக்கு மேலே ஒரு கயிற்றில் நரிவால் தொங்கும். நரியெல்லாம் இல்லை, மயிர்க்குஞ்சம்தான். சுற்றும்போது அதை எட்டிப் பிடிக்கிற பிள்ளைக்கு அடுத்த சுற்று இலவசம். கயிற்றின் மறுநுனியில் நிற்பவன் நான். ஏற்றுவது இறக்குவது என் கை. துள்ளுகிற பிள்ளைக்கு எட்டாமல் ஏற்ற வேண்டும், கையை நீட்டவே கூச்சப்படுகிற பிள்ளையின் உள்ளங்கையில் தானாக விழுவதுபோல் இறக்க வேண்டும். ஆனால் கொடுத்தது நான் என்று பிள்ளைக்குத் தெரியவே கூடாது. இந்தத் தொழிலில் இதுதான் நுட்பம். தன்னால் முடிந்தது என்ற எண்ணத்தோடு பிள்ளை இறங்கிப் போக வேண்டும் என்பாள் மிரெல்லா.

பகேரியாவில் ஒரு மாலை, பழைய மாளிகை மதிலோரம் கடை போட்டிருந்தோம். தடித்த ஒரு மனிதர், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, வேலை முடிந்து ரயிலிலிருந்து நேரே வந்தவர், தன் சின்ன மகளை முன்னால் வைத்துக் குதிரையில் ஏறினார். அந்தச் சிறுமிக்காக நான் வாலைப் பதமாக இறக்கினேன். அப்பன்காரன் எழும்பி, இரண்டு கையாலும் தாவி, வாலைக் கயிற்றோடு பிய்த்துக்கொண்டு போய்விட்டார். சனம் கைதட்டிச் சிரித்தது. சிறுமி வெட்கத்தில் இறங்கித் தாயிடம் ஓடிவிட்டாள். சட்டம் சட்டம்தான், ஆகவே அடுத்த சுற்றில் அவரைத் தனியாக ஏற்றினோம். குதிரைமேல் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! இறங்கும்போது கண் கலங்கியிருந்தது. வாலை என் கையில் திருப்பித் தந்து சொன்னார்: "சின்னனிலை எத்தினை கோடை எட்டி எட்டிப் பாத்தனான் தெரியுமோ? இண்டைக்குத்தான் அம்பிட்டது."

பேராசிரியர் கண்டுபிடித்த சொந்தம்

பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர் என்று ஒருவர் கமெராவோடு வந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ரோமானி மக்களின் மூதாதையர் இந்தியாவின் பக்கமிருந்து புறப்பட்டவர்கள், நானும் அந்தப் பக்கத்தான், ஆகவே நூற்றாண்டுகளுக்குப் பிறகு சொந்தங்கள் ஒன்றுசேர்ந்திருக்கின்றன என்று சொல்லி, எங்களைத் தோளோடு தோள் நிறுத்திப் படமெடுத்தார். நல்ல மனிதர். மிரெல்லா என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ஒருதரம் பார்த்தாள். "எங்கடை ஆக்கள் ஒரு சொந்தக்காரனைக் கண்டால் முதல் கேக்கிறது, உன்ரை லொறி எவ்வளவு இழுக்கும் எண்டு. இவனிட்டைச் சைக்கிள்தான் இருக்கு, சின்யோர்."

போர்த்தி வைத்த குதிரை

எங்கள் ராட்டினத்தில் ஒரு குதிரைமேல் எவரும் ஏறுவதில்லை. வெள்ளைக் குதிரை. இறந்துபோனவர் தன் கையால் செதுக்கிப் பூச்சுப் பூசியது. அதைத் துணியால் போர்த்திக் கட்டியிருக்கிறார்கள். போர்வையோடேயே அது மற்றக் குதிரைகளுடன் சுற்றும். இறந்தவருக்கு அவர்கள் செய்கிற மரியாதை அப்படி. அவருடைய பெயரையும் சொல்லமாட்டார்கள். மனைவியும் சொல்லமாட்டாள், மகனும் சொல்லமாட்டான். 'எங்கடை ஆள்' என்பார்கள், அதுவும் அபூர்வம். அவருக்கு வத்தகப்பழம், அதாவது தர்பூசணி, பிடிக்குமாம். அந்தக் கோடை முழுக்க ஒருவரும் அதை வாயில் வைக்கவில்லை. நான் தெரியாமல் ஒன்றை வாங்கிவந்து, கடைசியில் ஆற்றங்கரையில் தனியே உட்கார்ந்து முழுவதையும் நானே தின்று தீர்த்தேன். நானும் அந்தப் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டேன். இங்கேயும் எழுதப்போவதில்லை.

சனத்துக்கு இதெல்லாம் சொல்ல முடியுமா? குதிரை உடைந்துவிட்டதா என்று கேட்பார்கள். "இல்லை, ஓய்வு எடுக்குது" என்பாள் மிரெல்லா. ஒருநாள் ஒரு சின்னப்பெண் அந்தப் பதிலைக் கேட்டுக் கொஞ்சம் யோசித்தாள். தான் ஆசைப்பட்டு ஏறியிருந்த சிவப்புக் குதிரையிலிருந்து இறங்கி, போர்த்திய குதிரைக்குப் பக்கத்துக் குதிரையில் ஏறினாள். மிரெல்லா ஏனென்று கேட்டாள். "அது தனிய இருக்குமெல்லே. நான் பக்கத்திலை இருக்கிறன்."

ஜெசிந்தா வந்தாள்

செப்டெம்பர்த் திருநாள். மலையில் ஓர் ஊர். ஜெசிந்தா காலை பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள், நல்ல சேலை, கையில் ஒரு பெட்டி நிறையத் தான் பொரித்த றோல்ஸ். நேரே வண்டிவீட்டுக்குள் போய்ப் பார்வையிட்டாள். மூன்று பேசின்களையும் பார்த்தாள். பளபளத்த பித்தளையைப் பார்த்தாள். வெயிலில் காயப்போட்ட துணிகளில்கூடச் சமையல் துவாய் தனிக்கொடியில் இருந்ததைப் பார்த்தாள். "என்னப்பா, இது எங்கடை வீட்டைவிட வடிவா இருக்கு" என்று என் காதுக்குள் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. மத்தியானம் மிரெல்லா றோல்ஸைக் கடித்துவிட்டு, அதற்குள் என்ன போட்டது என்று விசாரிக்கத் தொடங்கினாள். வேலை நிலைத்தது என்றே நினைத்தேன். ஜெசிந்தா நடுவில் ஒருமுறை கோவிலுக்குப் போய்வருகிறேன் என்று போனதைக்கூட நான் பெரிதாக எடுக்கவில்லை.

மாலையில் சதுக்கத்திலேயே திருநாள் பூசை. நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி. மறுபக்கத்தில் பிள்ளைகளோடு எங்கள் ராட்டினம் மெல்லச் சுற்றுகிறது. பாதர் மரித்தோருக்காக மன்றாடத் தொடங்கினார். இன்னாருடைய ஆத்தும இளைப்பாற்றிக்காக, இன்னாருடைய ஆத்தும இளைப்பாற்றிக்காக என்று வாசித்துக்கொண்டே வந்தவர், அந்தப் பெயரை வாசித்தார். முழுப்பெயர். மலையில் பட்டு எதிரொலித்தது. ரென்சோ சுவிட்சை இழுத்தான். ராட்டினம் பிள்ளைகளோடு அப்படியே நின்றுவிட்டது. மிரெல்லா ஒருவரையும் பார்க்காமல் வண்டிவீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். என் பக்கத்தில் நின்ற ஜெசிந்தாவின் முகத்தில் மட்டும் அப்படி ஒரு பூரிப்பு. "கேட்டதோ? நீங்கள் எத்தினை தரம் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறீங்கள்! பாவம், இந்த மனிசிக்கு ஒருத்தரும் பூசை ஒப்புக்குடுத்திருக்கமாட்டினம் எண்டு நான்தான் குடுத்தனான்."

திருப்பி எடுக்க முடியாதது

அவளை ஜெனரேட்டருக்குப் பின்னால் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். "எங்கடை ஆக்களுக்குப் பேர் சொல்லாமல் விட்டால்தானே குறை!" என்று அழுதாள். உண்மைதானே. நம்மில் மரித்தோர் மாதமான நவம்பரில் பாட்டன் பூட்டன் பெயரை விட்டுவிட்டால் குடும்பமே சண்டைக்கு வரும். அவள் செய்ததில் ஒரு துளி கெட்ட எண்ணம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் வேலை போவதுகூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. என் கையில் திறப்பும் தட்டும் தந்த பெண்ணை, என் பெண்சாதி அழவைத்துவிட்டாளே என்றுதான் இருந்தது.

திடீரென்று ஜெசிந்தா எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சதுக்கத்தைக் குறுக்கறுத்துக் கோவிலின் பின்னறைக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன். பாதர் பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "சுவாமி, காலமை தந்த பேரைத் திருப்பி எடுக்கவேணும்" என்றாள். அவர் ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக நின்று எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மிகவும் பரிவாகச் சொன்னார்: "அது மேலை போயிட்டுது, சின்யோரா. அங்கையிருந்து ஒண்டையும் திருப்பி எடுக்க எனக்கு அதிகாரமில்லை."

அடுத்த சுற்று

ராட்டினம் இன்னும் நின்றபடி. பிள்ளைகளை இறக்கித் தாய்மாரிடம் கொடுத்துக்கொண்டிருந்தான் ரென்சோ. ஜெசிந்தா நேரே மிரெல்லாவின் கதவுக்குப் போய்த் தட்டினாள். நான் தள்ளி நின்றேன். சில இடங்களில் கணவன் தள்ளி நிற்பதுதான் உதவி என்பது உங்களுக்குத் தெரியும். கதவு திறந்தது. மிரெல்லாவின் கண் சிவந்திருந்தது. "எனக்குத் தெரியாது. நாங்கள் பேர் சொல்லித்தான் நினைப்பம்" என்றாள் ஜெசிந்தா. மிரெல்லா படியில் இறங்கி வந்தாள். பிறகு, "நாங்கள் சொல்லாமல்தான் நினைப்பம்" என்றாள். "இனி அந்தப் பேர் உம்மடை வாயிலை வரக்கூடாது." ஜெசிந்தா கழுத்திலிருந்த சிலுவையைப் பிடித்துச் சத்தியம் பண்ணினாள். போகலாம் என்று அவள் திரும்பும்போது மிரெல்லா அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்தாள். "முதல் பேரோடையே நான் காதைப் பொத்தினதிலை மிச்சம் கேக்கேல்லை. பாதர் முழுப்பேரையும் பிழையில்லாமல் வாசிச்சவரோ? ஆஸ்பத்திரியிலை எல்லாம் பிழையாத்தான் கூப்பிட்டவை." ஜெசிந்தா வாயைத் திறந்தாள். சத்தியம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டு, ஓம் என்று பெரிதாகத் தலையை ஆட்டினாள். மிரெல்லாவும் தலையை ஆட்டினாள். அதன்பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். நானும் ஜெனரேட்டரில் ஏதோ பழுது பார்ப்பதுபோல் குனிந்து அழுதேன்.

அன்று இனிச் சுற்றாது என்றுதான் நினைத்தோம். மிரெல்லா முகம் கழுவிக்கொண்டு, முகப் பேசினில்தான், வெளியே வந்து ரென்சோவுக்குக் கையைக் காட்டினாள். விளக்குகள் எரிந்தன. காத்திருந்த பிள்ளைகள் ஓடி ஏறினார்கள். ஜெசிந்தாவையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், போர்த்திய வெள்ளைக் குதிரைக்குப் பக்கத்துக் குதிரையில் ஏற்றிவிட்டாள். என் மனைவி சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, முதலில் வெட்கப்பட்டு, இரண்டாம் சுற்றில் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். நான் வழக்கம்போல் கயிற்றுக்குப் போனேன். மிரெல்லா என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். ஒருதரம் ஏற்றினாள். ஒருதரம் எட்டாமல் விட்டாள். மூன்றாம் தரம் நரிவால் ஜெசிந்தாவின் உள்ளங்கைக்குள் தானாக வந்து விழுந்தது. தானே பிடித்ததாக நினைத்து அவள் கூவினாள். ராட்டினம் நின்றது. இது எதற்கு என்று வாலைத் தூக்கிக்காட்டி ஜெசிந்தா கேட்டாள். "பிடிச்ச ஆளுக்கு அடுத்த சுத்தும் உண்டு" என்றாள் மிரெல்லா. ஜெசிந்தா வாலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், சோதனையில் தேறாத பிள்ளையின் புள்ளியைப் பார்க்கிறமாதிரி. குதிரையை விட்டு இறங்காமலே சொன்னாள்: "அப்ப அடுத்த கோடைக்கும் இவரை வைச்சிருங்கோ. ஆனால் தட்டுக்குள்ளை மட்டும் கை கழுவ விடாதேங்கோ. வீட்டிலை நான் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன்."

இப்போது பலெர்மோவில் எங்கள் வீட்டு இராச்செபத்தில் மரித்த எல்லோருடைய பெயரையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வரும் ஜெசிந்தா, ஓர் இடத்தில் மட்டும் வாயை மூடி மனதுக்குள் சொல்லிவிட்டு மேலே போகிறாள். இத்தனை காலக் குடும்ப வாழ்க்கையில் அவளை ஒரு கணமாவது வாய்மூட வைத்த ஒரே தொழில் இந்த ராட்டினம்தான்.